தாம்பாளத்தில் வைக்க வேண்டிய கால்

சரவணனுக்கு, கடையிலிருந்து அப்பா எழுதுவது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது நீ கேட்டாய், நான் முடியாது என்றேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. ‘அப்பாவ சாப்பிடச் சொல்லு’, ‘அப்பாகிட்ட வண்டி சாவி வாங்கிக் குடு’ என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் வருகிறது. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தபால்காரி ஆக்கிவிட்டாய். அவளும் சளைக்காமல் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள், நடுவில் தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் கலந்துவிட்டு. எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எதுவும் வருவது நின்றுபோய் ரொம்ப காலம் ஆகிறது. ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நேரில் பேசினால் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முகூர்த்தத்துக்கு முன்னால் பாத பூஜை. நானும் அம்மாவும் நாற்காலியில் உட்கார வேண்டும். எங்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்து, பாலும் தண்ணீரும் விட்டு நீ கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப் போட்டு விழுந்து கும்பிட வேண்டும். நான் ‘பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உக்கார வெச்சிக்கோ’ என்றேன். நீ சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாய். ‘பெரியப்பா கால கழுவறதுக்கா நான் கல்யாணம் பண்ணிக்கறேன்? நீங்க உக்காரலன்னா பாத பூஜையே வேணாம், ஐயர்கிட்ட அத கட் பண்ணச் சொல்லிடறேன்’ என்று தட்டோடு எழுந்து போனாய். அன்றைக்குப் பொரித்த அப்பளம் அத்தனையும் நமத்துப்போனது.

நித்யாவை நீயாகப் பார்த்துக்கொண்டாய், அது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் கூடுவாஞ்சேரி மண்டபத்தில் அவர்கள் வீட்டு ஜனங்களுக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்கிறேன் என்று நீ நினைப்பதாக அம்மா சொன்னாள். அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாயாம். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். நித்யாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு உன் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. என் வலது கால்தான் விஷயம்.

அப்பாவுக்குக் கால் வீங்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைப் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே அது இன்னொரு ஆளுடைய கால். சென்ற வருஷம் வரைக்கும் கணுக்காலில் ஒரு மடிப்பு விழுந்திருக்கும். பாதத்தின் மேல்புறம் பன் மாதிரி உப்பியிருக்கும். விரல்கள் அதற்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும். தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும், சில இடங்களில் தொட்டால் தொட்டதே தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே ஆரம்பித்தது. முதலில் குளிர் ஜுரம் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து வீங்கும். ஜுரம் விட்டால் வீக்கமும் வடிந்துவிடும். அப்படி வந்துவந்து போனது ஒரு தடவை வந்து, போகவே இல்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இன்னும் சிலருக்கு இருந்தது. கொசு கடித்து வருவது. அந்த நோயின் பெயரை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன் அம்மா உட்பட. யானைக்கால். எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, எதிரில் பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் காலை மறைப்பதற்காகவே நான் பல காரியங்களை ஏற்பாடு செய்துகொண்டேன். நான் ஏன் ஹார்டுவேர் கடை வைத்தேன் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே பிழைத்துவிடலாம், அதனால்தான். கடை மேஜையைத் தரைவரை பிளைவுட்டால் அடைத்து வைத்திருப்பது அழகுக்கு என்று நினைத்தாயா? சேலையூரில் ஒரு டெய்லர், பேண்ட்டில் வலது காலுக்கு மட்டும் துணி கூடுதலாக விட்டுத் தைப்பார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, நல்ல மனுஷன். வீட்டில் கைலி தரையைத் துடைத்துக்கொண்டு போகும். நீ சின்னப் பையனாக இருக்கும்போது கோவளம் பீச்சுக்குப் போனோம். அம்மா உன்னைத் தண்ணீரில் இறக்கினாள். நான் ஷூவோடு மணலில் நின்றேன். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். நான் வரவில்லை என்றதும், ‘அப்பாக்கு தண்ணின்னா பயம்’ என்று பக்கத்தில் பஜ்ஜி போட்டவள் வரைக்கும் போய்ச் சொன்னாய். இன்று வரைக்கும் உனக்கு அதே நினைப்புதான். சென்ற வருஷம்கூட, ‘ஸ்விம்மிங் பூல் இருக்கற ரிசார்ட் வேணாம்மா, அப்பா பயப்படுவாரு’ என்றாயாம். எனக்குத் தண்ணீரென்றால் பயம் கிடையாது. மாடம்பாக்கம் ஏரியில் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவன் நான்.

சென்ற வருஷம் நீ பெங்களூரில் இருக்கும்போது எனக்கு ‘வைரல் ஃபீவர்’ வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று சொன்னோமே, அது வைரல் ஃபீவர் இல்லை. உனக்கு நல்ல இடமாக அமைய வேண்டும் என்று உன் அம்மா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டவள் தன் காலை வேண்டிக்கொள்ளக் கூடாதா? என் காலை வேண்டிக்கொண்டாள். ‘நீங்க வெறுங்கால்ல மல ஏறறதா வேண்டிக்கினேன், அப்பதான் பலிக்கும்’ என்றாள். என் கால் அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் வேண்டிக்கொண்டாள். எது கஷ்டமோ அதைக் கொடுத்தால்தான் சாமி மதிக்கும் என்பது அவள் கணக்கு. நானும் மறுக்காமல் ஏறினேன். படி கொதித்தது. எங்கேயோ ஒரு கல் சுண்டுவிரல் பக்கம் கிழித்துவிட்டது. எனக்கு அது தெரியவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மலையிறங்கியதும் மாட்டிக்கொண்ட சாக்ஸைக் கழற்றும்போது ரத்தம் காய்ந்து துணி ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் குளிர் தூக்கிப்போட்டது, கால் நெருப்பாய்ச் சிவந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி. அதற்கடுத்த மாதமே நீ போன் பண்ணி நித்யாவைப் பற்றிச் சொன்னாய். முருகன் வேலை செய்தாரா, உன் ஆபீஸ் கேன்டீன் வேலை செய்ததா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான், ‘ஜுரம் போயிடும், கால் அப்படியே இருக்கும், இதுக்குன்னு தெரபி இருக்கு, போங்க’ என்று குரோம்பேட்டையில் ஒரு பிசியோதெரபி இடத்துக்கு எழுதிக்கொடுத்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கிறேன், வெந்நீரில் காலை ஊறப் போட்டிருக்கிறேன், மாத்திரை தின்றிருக்கிறேன். என் சொந்த வைத்தியமும் ஒன்று உண்டு. நான் குழாய் விற்கிறவன். குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம், பிரஷர் கொடுத்துத் தள்ளுவோம். காலும் அப்படித்தான் என்று முடிவுகட்டி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மேலே தள்ளுவேன். அப்புறம் தண்ணீர் திரும்ப இறங்காதபடி முழங்காலுக்குக் கீழே கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டுவேன், வால்வு மாதிரி. வருஷக்கணக்காகச் செய்தேன். அந்தக் கட்டுக்குக் கீழேதான் மடிப்பு விழுந்தது.

அங்கே ஷீலா என்று ஒரு பெண் எனக்கு வாய்த்தாள். நித்யாவைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கும். வேலை செய்யும்போது சாப்பாட்டைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசமாட்டாள். என் வால்வு வைத்தியத்தைச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ‘இனிமே செய்யாதீங்க அங்கிள்’ என்றாள். பிறகு விளக்கினாள். உடம்பில் ரத்தக்குழாய் போலவே இன்னொரு வழி இருக்கிறது. சதைக்கு நடுவில் கசிகிற நீரையும் கழிவையும் அள்ளிக்கொண்டு போய் ரத்தத்தில் சேர்க்கிற வழி. அதற்கு நிணநீர் என்று பெயர். அதைத் தள்ளுவதற்கு இதயம் போல மோட்டார் கிடையாது. நாம் நடக்கும்போது சதை அசைகிறது, மூச்சு விடும்போது வயிறு அசைகிறது, அந்த அசைவில்தான் அது மெல்ல மேலே போகிறது. அந்தச் சின்னச் சின்ன வழிகள் தோலுக்கு நேர் கீழே இருக்கின்றன. அழுத்தித் தேய்த்தால் நசுங்கிவிடும். கொசு மூலம் வந்த புழு எனக்குள் அந்த வழியைக் கெடுத்துவிட்டுச் செத்துப்போய்ப் பல காலம் ஆகிறது. ரத்தத்தில் பார்த்துவிட்டார்கள், புழு இல்லை. ஆனால் அது கெடுத்த வழி திரும்ப உண்டாகாது. அதனால் நல்லதாக இருக்கிற பக்கத்து வழிகளுக்கு நீரைத் திருப்பிவிட வேண்டும், அதுவும் பூனையைத் தடவுகிற மாதிரி.

முதல் நாள் அவள் என் கழுத்தில் ஆரம்பித்தாள். கால் கீழே கிடக்கிறது, இவள் ஏன் கழுத்தைத் தடவுகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. கேட்டேன். ‘மொதல்ல மேல எடம் காலி பண்ணணும் அங்கிள், அப்பதான் கீழ இருக்கறது வரும்’ என்றாள். கழுத்து, அக்குள், வயிறு, தொடை என்று இறங்கி, காலுக்கு வரும்போது எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் காலைக் கழுவினாள். சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணீர். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. மடிப்புக்குள் விரல் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு விரல் இடுக்கையும் பிரித்துத் துடைத்தாள். ‘இதான் மருந்து, மத்ததெல்லாம் அப்புறம்தான்’ என்றாள். அவள் அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது வத்தக்குழம்பைப் பற்றி. உன் அம்மாவைத் தவிர இன்னொருவர் கை அந்தக் காலில் பட்டது அன்றைக்குத்தான். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வெளியே வந்ததும் பசித்தது. ஓட்டலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

தடவி முடித்ததும் கட்டு. மெல்லிய துணி, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் சுருள் சுருளாக, இழுத்தாலும் அதிகம் நீளாத துணிப்பட்டி, விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. நான் கட்டிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிர். அந்தக் கட்டோடு நடக்கச் சொன்னார்கள், நடந்தால்தான் அது வேலை செய்யும். பேண்ட் ஏறவில்லை. கடை வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக வேட்டி கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவிலேயே உட்கார முடியாது, எழுந்து எழுந்து நடக்க வேண்டும். லோடு ஆட்டோ மணி சிமெண்ட் இறக்க வந்தவன் பார்த்துவிட்டான். ‘இன்னா மொதலாளி, கால்ல இம்மாம் பெரிய கட்டு? எதனா வண்டி இட்சிட்சா?’ என்றான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என்னவோ, சலிப்பாக இருந்தது. ‘யானைக்கால்டா’ என்றேன். மணி மூட்டையைக் கீழே வைத்தான். ‘எங்கம்மாக்கும் அதான் கீது. வூட்ட வுட்டு வெளியவே வராது, கதவாண்டயே குந்திகினு கீது’ என்றான். குரோம்பேட்டையில் எங்கே, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கினான். இப்போது அவன் அம்மாவும் அங்கே வருகிறாள். மணியைப் பற்றி ஷீலாவிடம் ஒரு மணி நேரம் புகார் சொல்வாள்.

கால் குறைந்தது. டேப் வைத்து அளந்து பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. மடிப்பு தளர்ந்தது, விரல்கள் வெளியே வந்தன, கணுக்கால் எலும்பு இருக்கும் இடம் தெரிகிறது. சாதாரணச் செருப்பு போட முடிகிறது. ஆனால் ஷீலா முதலிலேயே சொல்லிவிட்டாள். ‘கொணமாகாது அங்கிள், கொறையும். நீங்க விட்டா திரும்ப வந்துடும்’ என்று. சரி என்றேன். எனக்கு ஏமாற்றமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. உன் அம்மாதான் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். இப்போது காலையில் நான் போடுகிறேனே, தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை, அது வெரிகோஸ் நரம்புக்கு இல்லை. நீ பெங்களூரிலிருந்து திரும்பி வந்த பிறகும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அம்மாவும் காலையில் என்ன செய்கிறோம் என்று நீ ஒரு நாள் நக்கலாகக் கேட்டாயே, என் காலைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

இனி பாத பூஜைக்கு வருகிறேன். உன் நிச்சயதார்த்தத்திலேயே நான் பார்த்துவிட்டேன், மேடைக்குப் பக்கத்தில் சுவர் அளவுக்கு எல்.இ.டி. திரை. உன் கையில் மோதிரம் போட்டது, நித்யாவின் நெற்றியில் குங்குமம் வைத்தது எல்லாம் அதில் ஆள் உயரத்துக்கு வந்தது. போட்டோகிராபர் பையன் வேறு, ‘கல்யாணத்துக்குப் பாத பூஜைய க்ளோஸ்-அப்ல எடுப்பேன் அங்கிள், செமையா இருக்கும்’ என்றான். என் கால் அந்தத் திரையில் வருவதை நினைத்துப் பார்த்தேன். கூடுவாஞ்சேரி சனம் முழுக்கச் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போகாமல் அதைப் பார்க்கும். பரம்பரையாக வருமா, பிள்ளைக்கும் வருமா, பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று நித்யாவின் அத்தைமார் வாஷ்பேசின் பக்கம் நின்று பேசுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, சரவணா. வேறு எதுவும் தோன்றாவிட்டாலும் வெட்கம் மட்டும் ஒரு நாளும் குறைந்ததில்லை. அதனால்தான் பெரியப்பா பெயரைச் சொன்னேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

அப்படியே விட்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. உன் அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறேன், நகை பார்க்கிறேன் என்று இரண்டு மூன்று நாளாகக் காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். நானே கழுவிக்கொண்டேன். தொப்பை இடிக்கிறது, கடைசி இரண்டு விரலுக்கு என் கை எட்டவில்லை. தண்ணீர் ஊற்றினேன், ஆறிவிடும் என்று காலுறையை மாட்டினேன். ஷீலாவிடம் போனபோது சுண்டுவிரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, லேசாக வெடித்திருந்தது. குன்றத்தூரில் கல் கிழித்த அதே இடம். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. ‘இங்கதான் கிருமி உள்ள போவும் அங்கிள். திரும்ப ஜுரம் வந்தா, கொறஞ்சதெல்லாம் போச்சு. ஆன்ட்டி இல்லன்னா யார் தொடைக்கறது?’ என்றாள். நான் காலுறையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ‘வீட்ல வேற யாரும் இல்லியா?’ என்றாள். பையன் இருக்கான் என்றேன். ‘அவருக்குக் காட்டிக் குடுத்தீங்களா?’ என்றாள். இல்லை என்றேன். களிம்பைத் தடவிவிட்டு, உன் கல்யாணத்துக்கு எந்த சமையல்காரர் என்று கேட்டாள்.

அதனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன், பத்திரமாகப் படி. தொட்டால் ஒட்டாது. பரம்பரையாக வராது, உனக்கும் வராது, உன் பிள்ளைகளுக்கும் வராது. நீ செய்ய வேண்டியதெல்லாம் கொசு வராமல் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாமல் இருப்பதுதான். எனக்கு என்றைக்காவது திடீரென்று குளிர் எடுத்து, கால் சிவந்து சூடாகி, தொடை இடுக்கில் நெறி கட்டினால், வைரல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்க விடாதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. அந்த நேரத்தில் காலைத் தடவக் கூடாது, கட்டக் கூடாது, உயர்த்தி வைத்தால் போதும். அம்மா உடனே வெந்நீர் ஒத்தடத்துக்குக் கிளம்புவாள், அவளைத் தடுப்பதும் உன் பொறுப்பு. வெறுங்காலில் மலை ஏறுவதாக யார் வேண்டிக்கொண்டாலும், சாமிக்கு வேறு ஏதாவது கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்ளுங்கள்.

நித்யாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அவள் என் காலை மண்டபத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. எனக்கு உன் அம்மாவைப் பேசும்போது தரகர் ‘கால் லேசா கனக்கும்’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார், கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் உன் அம்மா காலைப் பார்த்துவிட்டு, ‘இது ஒட்டுமா?’ என்று கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை, யாருக்கும் தோன்றுவதுதான். நான் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவள் அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. கேட்காமலே செய்ய ஆரம்பித்துவிட்டாள். அவள் உள்ளுக்குள் எத்தனை வருஷம் பயந்துகொண்டே என் கைலியைத் துவைத்தாளோ எனக்குத் தெரியாது. நித்யா எது கேட்டாலும் நீ எழுந்து போகாதே. உட்கார்ந்து பதில் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. கல்யாணத்துக்கு நான் உனக்குச் சொல்ல வேறு புத்திமதி எதுவும் இல்லை.

நான் உட்காருகிறேன். ஐயரிடம் கட் பண்ணச் சொல்ல வேண்டாம். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவருக்கு வேறு மரியாதை செய்துகொள்ளலாம். தாம்பாளம் கொஞ்சம் அகலமாகப் பார்த்து எடுக்கச் சொல்லு, நம் வீட்டில் இருப்பதில் அம்மாவின் இரண்டு காலும் என்னுடைய ஒன்றும்தான் பிடிக்கும். பால் ஊற்று, அது சம்பிரதாயம், ஆனால் கொஞ்சமாக ஊற்று. கும்பிட்டு எழுந்ததும் எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும். பின்னால் அறைக்குப் போய்ப் பாலெல்லாம் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, காலுறையை மாட்டிக்கொண்டுதான் நான் முகூர்த்தத்துக்கு வருவேன். அதற்குள் தாலியைக் கட்டிவிடாதே. திரையைப் பற்றி அந்த போட்டோகிராபர் பையனிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். மணியின் அம்மாவையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வெளியே வராமலே இருந்தவள் வந்து பார்க்கிறபோது திரை அணைந்திருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று. அந்தக் காலை நீ முதல் தடவையாக மேடையில் வைத்துப் பார்க்க வேண்டாம். உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அது ஊர் முன்னால் நடக்க வேண்டாம், நம் வீட்டிலேயே நடந்துவிடட்டும். இந்தக் கடிதத்தை ராத்திரி வீட்டுக்கு வந்ததும் உன் லேப்டாப் மேல் வைத்துவிடுகிறேன். அம்மா நாளைக்கும் விடிந்ததும் கூடுவாஞ்சேரிக்கு மண்டபம் பார்க்கக் கிளம்புகிறாள். பால்காரர் போன பிறகு நான் பின்பக்கக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன், காலுறை இல்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. நீ பேச வேண்டியதில்லை. கொடியில் காய்கிற வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு வா. பச்சைத் துண்டு வேண்டாம், அது உன் தலை துவட்டுகிறது. மற்றதெல்லாம் நானே கழுவிக்கொள்வேன். சுண்டுவிரல் இடுக்குக்கு மட்டும் என் கை எட்டாது.

அப்பா